நீலக் கட்டமும் என் இடது முட்டியும்

இனிமேல் ஜெனரேட்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

படுப்பதற்கு அங்கே யாரும் போவதில்லை. கார் நிறுத்தத்தான் போவார்கள். எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஐந்து மாடி, மாடிக்கு மூன்று கம்பெனி, எல்லோருக்குமாக ஒரே ஒரு வாகன நிறுத்தம். சீக்கிரம் வருகிறவர்கள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அடுத்து வருகிறவர்கள் தூணுக்குத் தூண் நிறுத்துவார்கள். நிதானமாக எழுந்து, நிதானமாகக் குளித்து, மனைவியிடம் நிதானமாகத் திட்டு வாங்கிக்கொண்டு வரும் என்னைப் போன்றவர்களுக்குக் கடைசி மூலையில் ஜெனரேட்டருக்குப் பின்னால்தான் இடம். அங்கிருந்து லிஃப்ட்டுக்கு நடந்து வருவதற்குள் போட்டிருக்கும் சட்டை வேறு நிறமாகிவிடும்.

நான் ஏ.சி. கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். ஏ.சி. ஓடவில்லை என்று போனில் அழுகிறவர்களிடம், “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுவிட்டது” என்று சொல்வது என் வேலை. பதிவு செய்வதோடு என் பொறுப்பு முடிந்தது. அப்புறம் ஓடுவதும் ஓடாததும் அந்த ஏ.சி.யின் தலையெழுத்து. இதை நிதானமான குரலில் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னால், மறுமுனையில் இருப்பவர் என் உடம்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

லிஃப்ட் வாசலிலேயே ஓர் இடம் உண்டு. மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்கு அகலம். தரையில் நீலப் பெயின்ட் அடித்து, சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் வெள்ளையில் வரைந்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். படத்தில் இருப்பவர் ஒருநாளும் நேரில் வந்ததில்லை. வராதவருக்கு வாசலிலேயே இவ்வளவு பெரிய இடம். தினமும் வருகிறவனுக்கு ஜெனரேட்டர். இது நியாயமா என்று என் மனசாட்சியைக் கேட்டேன். அது புகாரைப் பதிவு செய்துகொண்டது.

நிறுத்தினேன்.

காவலாளி ஓடி வந்தார். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிறவர் என்பதால் கட்டடத்தில் அவருக்கு விசில் என்றே பெயர்.

“சார், சார்! இது மாற்றுத்திறனாளிங்க இடம் சார்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியாது. குனிந்து இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஸ்... அப்பா!” என்றேன்.

வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

“முட்டியா சார்?”

“முட்டிதான்.”

“ரொம்ப நாளாவா?”

“அது இருக்கு... கொஞ்ச காலமா.”

“ஒரு வார்த்தை சொல்லலையே சார்! இந்தக் காலை வச்சுக்கிட்டா அந்த மூலையிலருந்து நடந்து வந்தீங்க?”

“என்ன பண்றது. வெளியில சொல்லிக்கறதில்லை.”

அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். லிஃப்ட்டில் கூடவே ஏறி, மூன்றாவது மாடியில் என் நாற்காலிவரை கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். அதற்குள் கீழே வாசலில் ஆளில்லாமல் வெளிவண்டிகள் புகுந்து, அன்றைக்கு எங்கள் மேனேஜருக்கே ஜெனரேட்டர்தான் கிடைத்தது.

மறுநாளிலிருந்து வண்டிக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை விந்தி விந்தி நடந்தேன். லிஃப்ட் கதவு மூடியதும் குணமாகிவிடும். இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் வைத்தியம் வேறு எங்கும் கிடையாது. விசிலின் உபயத்தில் சேதி மூன்றாவது மாடிக்கும் வந்து, டீ என் மேஜையைத் தேடி வர ஆரம்பித்தது. மேனேஜர் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவரே எழுந்து வந்தார். இத்தனை வருஷமாக ஆரோக்கியமாக இருந்து என்ன கண்டேன் என்று தோன்றியது.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட்.

இந்த வாக்கியத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானும் முட்டியைப் பிடிப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவளுடைய க்ளினிக். பெரிய பெரிய ரப்பர் பந்துகள், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் கம்பி, ஆளுயரக் கண்ணாடி. ஆனால் அவளுக்குக் க்ளினிக் தேவையில்லை. பால்கனியில் நின்றபடி, தெருவில் போகிறவரைக் காட்டி, “இவருக்கு இடுப்பு சரியில்லை, செருப்பை மாத்தணும்” என்பாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, குதிகால் வலிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்தாள். அவர் குதிகால் சரியாகிவிட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அப்படிப்பட்டவள் என் நடையை மட்டும் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமான பிறகு யார் புருஷன் நடையைப் பார்க்கிறார்கள்? அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். ஆனால் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வேலை பார்க்கிறார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் செய்தித்துறை.

“ஏங்க, எதிர் ஃபிளாட்காரர் வந்திருந்தார்,” என்றாள் ஒருநாள் சாயங்காலம்.

“என்னவாம்?”

“உங்களுக்கு முட்டி வலின்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போனார்.”

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன்.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை. பிசியோதெரபிஸ்ட் புருஷனுக்கு முட்டி வலி, பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னா, நான் க்ளினிக்கை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்...”

“அடடா.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒரு கடை வாசலில் இதேபோல் நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்திய ஒருவரை, என் கண் முன்னால் இவள் நாலு கேள்வி கேட்டாள். கூட்டம் கூடிவிட்டது. அந்த மனுஷர் வாங்கிய சாமான்களைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போனவர் அந்தக் கடைக்கு மறுபடி வந்ததாகத் தகவல் இல்லை. அவருக்காவது வேறு கடை இருக்கிறது. எனக்கு வேறு வீடு இல்லை.

“எந்த முட்டி?”

அந்த நேரம் பார்த்து என் வலது கை சும்மா இருந்தது. அது தனக்கு எட்டிய முட்டியைப் பிடித்தது.

“இது.”

“வலதா?”

“வலதேதான்.”

“ஓ,” என்றாள். அந்த ‘ஓ’ வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். “எங்கே, நடந்து காட்டுங்க.”

ஹாலிலிருந்து சமையலறைவரை நடந்தேன். சாய்ந்தேன், இழுத்தேன், நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சுகூட விட்டேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கஷ்டம்தான். நாளையிலருந்து ட்ரீட்மென்ட்.”

நம்பிவிட்டாள்! ஊரார் நடையை எல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறவள் என் நடையில் ஏமாந்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது.

மறுநாள் விடியும் முன்பே போர்வை போய்விட்டது. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்க வேண்டும். தேய்த்ததும், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

“எவ்வளவு நேரம்மா?”

“நான் காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும்.”

அவள் அவ்வளவு மெதுவாகக் காபி குடிப்பாள் என்று பெண் பார்த்த அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஃபிளாட் நான்காவது மாடி. லிஃப்ட் பட்டனைத் தொடப்போன கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

“படியில ஏறணும். அதான் மருந்து.”

“முட்டி வலிக்குப் போய் யாராவது படி ஏறச் சொல்வாங்களா?”

“இங்க பிசியோதெரபிஸ்ட் யாரு?”

“நீதான்.”

“ஏறுங்க.”

அலுவலகத்தில் நான் மிச்சம் பிடித்த நடையெல்லாம் வீட்டுப் படிக்கட்டில் வட்டியோடு போயிற்று. சோபாவில் சாய்ந்து உட்காரக்கூடாது என்றாள். டி.வி. பார்ப்பதானால் நின்றுகொண்டு பார்க்க வேண்டும் என்றாள். பழைய கல்லூரி நண்பர்களோடு மலைக்குப் போக டிக்கெட் எடுத்துவைத்திருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டால், நான் வரவில்லை என்று அவளே எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம்.

“ஏம்மா, எத்தனை மாசமா போட்ட திட்டம்!”

“வலது முட்டியை வச்சுக்கிட்டு மலையேறப் போறீங்களா? கவலைப்படாதீங்க, டிக்கெட் வீணாப் போகலை. உங்களுக்குப் பதிலா எதிர் ஃபிளாட்காரரைச் சேர்த்துவிட்டுட்டேன். பாவம், ரொம்ப சந்தோஷப்பட்டார்.”

வீட்டில் வலது காலை இழுத்து இழுத்து, அலுவலகத்திலும் வலது காலே இழுக்க வந்தது. விசில் உடனே கவனித்துவிட்டார்.

“சார், முன்ன இந்தப் பக்கம் சாய்வீங்க. இப்ப அந்தப் பக்கம் சாயறீங்களே?”

“பரவிடுச்சு.”

“ஐயையோ!” என்றவர், தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து லிஃப்ட்டுக்குள் போட்டார். அன்றிலிருந்து நான் உட்கார்ந்தே மேலே போனேன்.

ஒருநாள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

“சார், சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். அஞ்சாவது மாடி ஆடிட்டர் ஆபீஸ்ல புதுசா ஒரு மேடம் சேர்ந்திருக்காங்க. சக்கர நாற்காலி. வண்டி அவங்களே ஓட்டறாங்க. இந்த இடம் அவங்களுக்கும் வேணுமாம்.”

“ஓகோ. நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்க முட்டி விஷயத்தைச் சொன்னேன். ‘பாவம், அவர் இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“எங்கே போனாங்க?”

“வீட்டுக்கு சார்.”

அன்று முழுக்க எனக்கு என்னவோபோல் இருந்தது. நாளையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வேறு இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானித்தேன். மறுநாள் என் மனைவி காபி குடித்து முடிக்க நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் ஜெனரேட்டர் மூலை ஒன்றுதான் காலி. அங்கே நிறுத்தினால் அங்கிருந்து லிஃப்ட்வரை நொண்ட வேண்டும். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நீலக் கட்டத்திலேயே விட்டேன். அதற்கடுத்த நாளும் அந்த ஒரு நாளே வந்தது.

ஒரு காலை, நான் வண்டிச் சாவியை எடுக்கும்போது என் மனைவியும் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு உங்களோட ஆபீஸுக்கு வர்றேன்.”

“எதுக்கு?”

“வீட்டு நடை வேற, வெளி நடை வேற. அங்கே வச்சுப் பார்த்தாத்தான் ட்ரீட்மென்ட் வேலை செய்யுதான்னு தெரியும்.”

கட்டடத்துக்குள் நுழைந்ததும் வண்டியை நேராக ஜெனரேட்டர் பக்கம் விட்டேன்.

“தினமும் இங்கதான் நிறுத்துவீங்களா?”

“பின்னே? எப்பவும் இங்கதான்.”

பின்னாலேயே விசில் சத்தம் துரத்திக்கொண்டு வந்தது.

“சார்! சார்! வலியில இடம் மாறிப் போறீங்களே! உங்க இடத்தைக் காலியா வச்சிருக்கேன் சார்!”

திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் நிறுத்திவிடாதபடி நீலக் கட்டத்தின் நடுவில் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். அவ்வளவு நல்ல மனுஷரை அதற்குமுன் நான் சபித்ததில்லை.

வண்டியைத் திருப்பி நீலக் கட்டத்தில் நிறுத்தினேன். என் மனைவி இறங்கித் தரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். அப்புறம் என் இரண்டு முட்டிகளையும் பார்த்தாள். அவள் திட்டுவதைச் சமாளித்துப் பழக்கம் உண்டு. பார்ப்பதைச் சமாளிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு பெண், முப்பது வயது இருக்கும்.

“மேடம்! நீங்க எங்க இங்க?” என்றாள் என் மனைவியைப் பார்த்து.

“என் வீட்டுக்காரர் நடையைப் பார்க்கலாம்னு வந்தேம்மா.”

“முட்டி வலி சார்னு விசில் அண்ணன் சொன்னது இவரையா? தெரியாமப் போச்சே மேடம்.”

என் மனைவியின் க்ளினிக்குக்கு வருகிற பெண்ணாம். உலகம் எவ்வளவு சின்னது என்று நினைத்துக்கொண்டேன்.

“பக்கத்துல எங்கயாவது நிறுத்த முடியாதாம்மா?” என்று கேட்டுவைத்தேன்.

“நிறுத்தலாம் சார். இறங்கத்தான் முடியாது. கதவு முழுசாத் திறந்தாத்தான் நாற்காலியை எடுத்து வெளியில வைக்கலாம். மத்த இடத்துல பாதிதான் திறக்குது. பாதி நாற்காலியில எப்படி சார் உட்கார்றது?” என்று சிரித்தாள்.

“அப்ப வேலை?”

“இந்த வாரம் பார்ப்பாங்களாம். வர முடியலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க. மேடம்கிட்ட மாசக்கணக்கா பயிற்சி எடுத்துக் கையில பலம் ஏத்தி, வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து, பார்த்துட்டுத் திரும்பிப் போறது ஒண்ணுதான்...” பாதியில் நிறுத்திக்கொண்டாள். “பரவாயில்லை சார். உங்களுக்கும் வலிதானே.”

எனக்கு அவமானமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. நீல நிறத்தில் இருந்தது நான்கு சக்கரங்களுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கதவு திறப்பதற்கான இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்டு விழுந்தால் விழட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“அம்மா, உண்மையைச் சொன்னா என் முட்டிக்கு...”

“இன்னிக்கோட சரியாயிடுச்சு,” என்று என் மனைவி முடித்தாள்.

“என்னது?” என்று நானும் விசிலும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

“ட்ரீட்மென்ட் முடிஞ்சுது. ஏங்க, வண்டியை எடுத்து அந்த ஜெனரேட்டருக்குப் பின்னாடி விட்டுட்டு, அங்கிருந்து ஓடி வாங்க.”

“ஓடியா?”

“ஓடித்தான்.”

அதற்குள் வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் லிஃப்ட்டில் ஏறாமல் நின்றுவிட்டார்கள். மேனேஜர் இருந்தார். மலையிலிருந்து முந்தின நாள்தான் திரும்பிய செய்தித்துறையும் இருந்தார். ஓடினேன். சுவரோரம் உட்கார்ந்து உட்கார்ந்து காலில் பலம் ஏறியிருந்தது போலிருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது, பறந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். விசில் நீளமாக ஊதி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளைக் கார் நீலக் கட்டத்துக்குள் நுழைந்தது. கதவு முழுசாகத் திறந்தது. அந்தப் பெண் பக்கத்து சீட்டிலிருந்து மடக்கிய நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்து, விரித்து, இரண்டு கைகளையும் ஊன்றி ஒரே எம்பில் அதில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். நான் சட்டைப்பையில் சாவி தேடும் நேரம்கூட ஆகவில்லை. தரையில் படத்தில் இருந்தவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“அண்ணே,” என்றாள் என் மனைவி விசிலிடம், “இவர் தினமும் அந்த மூலையிலருந்துதான் நடக்கணும். முன்னாடி இடம் காலியா இருந்தாலும் விடாதீங்க. விட்டா வலி திரும்பி வந்துடும்.”

“என் பொறுப்பும்மா!”

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றுகிறார். கட்டடத்தில் முதல் ஆளாக வந்தாலும், காலியாகக் கிடக்கும் அத்தனை இடங்களையும் தாண்டி, ஊதி ஊதி என்னை ஜெனரேட்டருக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் மேனேஜர், அவர் மாமியார், டீ கொண்டுவருபவர், இரண்டாவது மாடியில் பாதிப் பேர் எல்லோரும் இப்போது என் மனைவியின் க்ளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ என் மேஜைக்கு வருவது நின்றுவிட்டது. ஐந்தாவது மாடிப் பெண் லிஃப்ட்டில் பார்த்தால், “முட்டி எப்படி இருக்கு சார்?” என்று அக்கறையாக விசாரிக்கிறாள். நான் மூன்றாவது மாடி பட்டனை இன்னொரு தடவை அழுத்துகிறேன்.

ஆனாலும் ஒரு திருப்தி உண்டு. ஊர் நடையெல்லாம் அளக்கும் என் மனைவி, என் நடிப்பை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. வண்டியிலிருந்து லிஃப்ட்வரை நடக்கும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டே நடந்ததில் போன வாரம் ஜெனரேட்டர் பக்கத்துப் படி தடுக்கி, முட்டி பிசகிவிட்டது. இந்தத் தடவை நிஜமான வலி. நான்கு மாடியும் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி, வீட்டுக்குள் வந்தேன். அவள் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, முட்டி வலிக்குது.”

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுவிட்டது,” என்றாள் நிமிராமலே.

“விளையாடாதே. சத்தியமா வலிக்குது.”

“விசில் அண்ணன்கிட்ட இடது, என்கிட்ட வலது,” என்று அடுத்த துணியை எடுத்து உதறினாள். “இந்தத் தடவை எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க.”